பாவும் ஊடையும் பயிலுமிடம்

நூல் என்னும் சொல் தமிழில் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பனுவல் என்பதும் அவ்வாறே. பஞ்சினைச் சொல்லாகவும், நூற்கும் பெண்ணைப் புலவனாகவும் கொண்டு, ஒரு நூல் உருவாகும் முறையினைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் உவமையால் விளக்குவார். அப்பகுதியினை நாங்கள் நடத்தும் வகுப்பறைக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில், ஆடை வடிவமைப்புத் துறை இருக்கின்றது. கீழே நாங்கள் இழையை உவமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், மேலே மாணவியர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, ஓர் அங்குலத் துணியில் எத்தனை இழை என்று மெய்யாகவே எண்ணிக்கொண்டிருப்பர். பல்லாண்டுகளாக இவ்விரு துறையாரும் படிக்கட்டில் ஸலாம் சொல்லிக்கொண்டதன்றி வேறு தொடர்பு கொண்டதில்லை.

என்னை மேலே அழைத்துச் சென்றது ஒரு சொற்பட்டியல். தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வரும் முதலாண்டு மாணவியர், வார்ப், வெஃப்ட், ரீட், ஹீல்டு என்னும் சொற்களைப் பொருள் விளங்காமலே உருப்போடுகின்றனர். அவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள் தந்துதவ வேண்டும் என்று அத்துறைத் தலைவியார் கேட்டனர். அகராதியைத் தேடும் வேலை எனக்கு நேரவில்லை. நான் மேலப்பாளையத்தில் தறியோசையைக் கேட்டு வளர்ந்தவன். பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா, தார், மிதி, படைமரம் என்று ஒரே மூச்சில் எழுதிக்கொடுத்தேன். அப்பட்டியலைக் கரும்பலகையில் எழுதியபோது, அதுவரை வாய் திறவாதிருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

“ஐயா, வார்ப்புங்கிறது பாவுதானா? எங்க வாப்பா தினம் பிணைக்கிறது இதுதானே!”

வகுப்பில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் தந்தையார் தறிகாரர் என்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். ஆடையைப் பற்றிய பட்டம் படிக்க வந்தவிடத்தில், ஆடை நெய்யும் வீட்டிலிருந்து வந்ததை மறைக்க வேண்டிய நிலை எங்ஙனம் வந்தது என்று அன்று முதல் எண்ணத் தலைப்பட்டேன். இக்கட்டுரை அவ்வெண்ணத்தின் விளைவு.

துணியியல் ஆய்வுக்கூடம் என்பது பலர் நினைப்பது போலத் தையற்பொறிகள் வரிசையாக நிற்கும் அறையன்று. அங்குள்ள கருவிகளில் பெரும்பாலானவை துணியைத் துன்புறுத்தவே அமைந்தவை. ஒன்று துணியைக் கிழியும் வரை இழுத்து அதன் வலிமையைச் சொல்லும். ஒன்று வெள்ளைத் துணியால் சாயத்துணியைத் தேய்த்து, எவ்வளவு சாயம் ஒட்டுகிறது என்று காட்டும். அதனை 1 முதல் 5 வரை படியிட்ட சாம்பல்நிற அட்டையோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடுவர். வெயிலில் நிறம் மங்குவதை அளக்க, 1 முதல் 8 வரை படியிட்ட நீலக் கம்பளித் துண்டுகள் உள. வட்டமாக வெட்டிய துணியை ஒரு தட்டின்மேல் விரித்து, அது மடிந்து விழும் நிழலை அளந்து, அதன் தொய்வை எண்ணாக்கும் கருவியும் உண்டு. நம் பாட்டிமார் அணிந்த வெள்ளைத் துப்பட்டி ஏன் அவ்வளவு அடக்கமாக விழுந்தது, இன்றைய செயற்கையிழைத் துணி ஏன் அங்ஙனம் விழுவதில்லை என்பதற்கு விடை அந்நிழலில் இருக்கின்றது.

இவற்றுள் என்னைப் பெரிதும் கவர்ந்தது ஒரு விளக்குப் பெட்டி. அதனுள் ஒரு துணியை வைத்துப் பகலொளிக்கு நிகரான விளக்கு, கடைகளில் எரியும் குழல்விளக்கு, மஞ்சள் ஒளிதரும் பழைய குமிழ் விளக்கு என மாறி மாறி ஏற்றலாம். ஓர் ஒளியில் முற்றும் ஒத்துத் தோன்றும் இரு துணிகள் மற்றோர் ஒளியில் வெவ்வேறாகிவிடும். இரண்டிலும் ஏறிய சாயங்கள் வேறு வேறு என்பதே காரணம். பெருநாளைக்குத் துணி எடுக்கும்போது கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்க்கும் தாய்மார்கள் இப்பாடத்தைப் பெட்டியில்லாமலே நடத்தி வந்திருக்கின்றனர்.

இவ்வளவையும் விட இன்றியமையாத கருவி கண்ணுக்குத் தெரியாதது. அது அவ்வறையின் காற்று. பருத்தி ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் மிகின் அதன் வலிமையும் மிகும். ஆதலின் காற்றின் ஈரத்தை ஒரே அளவில் நிறுத்தாமல் செய்யும் சோதனைக்குப் பொருளில்லை. குளிர்நாடுகளில் 20 பாகை வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் அளவு. நம் போன்ற வெப்ப நாடுகளுக்கு 27 பாகை, அதே 65 விழுக்காடு என வகுத்துள்ளனர். கட்டடம் கட்டிக் கருவிகளை வாங்கிவிட்டு, இக்காற்றை மட்டும் மறந்துவிடுகின்ற கூடங்கள் பல. அங்குக் காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒவ்வா. மாணவர் இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டுப் பதிவேட்டில் எழுதி மதிப்பெண் பெறுவர்.

இக்காற்றைப் பற்றித்தான் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் துறைக்கு ஒரு கைத்தறி வாங்கப்பட்டது. நல்ல தறி. குளிர்பதனம் செய்யப்பட்ட அறையில் அதனை நிறுத்தினர். ஓராண்டாகியும் அதில் ஒரு முழத் துணி இறங்கவில்லை. பாவு அறுந்துகொண்டே இருந்தது. நூல் மட்டம் என்றனர், மாற்றினர். அச்சு சரியில்லை என்றனர், அதனையும் மாற்றினர். இறுதியில் தறியின்மீது ஒரு துணியைப் போர்த்தி, பார்வையாளர் வரும்போது மட்டும் அதனை நீக்கினர். நம் மாணவி தன் தந்தையாரின் தறித் தோழரான முதியவர் ஒருவரை அழைத்து வந்தாள். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வந்தவர், தறியைத் தொடுவதற்கு முன் அறையின் நடுவில் சிறிது நேரம் சும்மா நின்றார். பிறகு ஓர் இழையை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார்.

“என்ன சாச்சா, நூல் சரியில்லையா?” என்று அவள் கேட்டாள்.

“நூலு என்னம்மா செய்யும்? காத்துல்லா காஞ்சு கெடக்கு” என்றார் அவர்.

துறைத் தலைவியார் சுவரிலிருந்த ஈரமானியைப் பார்த்தார். அது 48 காட்டிற்று. குளிர்பதனப் பொறி அறையைக் குளிர்விக்கும்போதே காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடுகின்றது. உலர்ந்த காற்றில் பஞ்சிழை வலிமை இழக்கும். அதன்மேல் ஏற்றிய கஞ்சிப் பூச்சும் நொறுங்கும். பருத்தி நெசவாலைகளில் ஈரத்தை 80 விழுக்காட்டை ஒட்டி வைத்திருப்பதும் இதனாலேயே. பெரியவர் பொறியை நிறுத்தச் சொல்லி, தறியின் அடியில் ஈரச் சாக்கை விரிக்கச் செய்து, அஸர் தொழுகைக்குப் பின் வந்து அமர்ந்தார். மஃரிபுக்குள் ஒரு சாண் துணி இறங்கியது.

நம் முன்னோர் தறியை ஏன் குழியில் இறக்கினர் என்பதற்குக் கால்மிதிக்கு இடம் வேண்டும் என்பது ஒரு காரணம். மண்ணின் ஈரம் பாவுக்குக் கிட்டும் என்பது மற்றொன்று. வைகறையில் எழுந்து பாவுக்குக் கஞ்சியிட்டதும் வெயில் ஏறுமுன் இழையைக் காப்பதற்கே. ஆயின் இதனைப் போற்றிப் பாடி நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. அதே குழியின் ஈரத்தில் நாளெல்லாம் காலை வைத்திருந்தவர்கள் முதுமையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் பாவு அறாதிருக்க நீராவியைக் கூடத்திற்குள் செலுத்தினர். அதனால் தொழிலாளர் உடல்நலம் கெட்டுக் கிளர்ச்சி எழவே, 1889இல் சட்டமியற்றி அவ்வீரத்துக்கு வரம்பு கட்டினர். இழைக்கு உகந்தது உடலுக்கு உகந்ததன்று என்னும் இச்சிக்கலைப் படிப்பதற்கும் ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும். அதனை நெசவாளர் தாமே தனியாக நடத்திவிட இயலாது.

பெரியவருக்கு மதிப்பூதியம் தர முற்பட்டபோது வேறொரு பாவு அறுந்தது. சிறப்பு விரிவுரையாளர் என்றால் முதுகலைப் பட்டச் சான்று வேண்டும் என்றது விதி. எழுத்தர் நல்ல மனிதர், வழியொன்று கண்டார். “தறி பழுது பார்த்த கூலி” என்று எழுதித் தொகையைக் கொடுத்தார். மின்விசிறி பழுது பார்த்த கூலிக்கும் குழாய் மாற்றிய கூலிக்கும் நடுவே அது அப்பேரேட்டில் இடம்பெற்றது. பெரியவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அம்மாணவிதான் இரு நாள் வகுப்புக்கு வரவில்லை.

பின்னர் நிலைமை சிறிது மாறியிருக்கின்றது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு, துறையனுபவம் மிக்கோரைப் பட்டம் கேளாமலே பேராசிரியராக அமர்த்திக்கொள்ள நெறிமுறை வகுத்தது. அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 விழுக்காடு வரை அவ்வாறு அமர்த்தலாம். 2023இல் உள்ளூர்க் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்வி நிலையங்களில் இணைத்துக்கொள்வதற்கெனத் தனி நெறிமுறையே வந்தது. ஆதலின் இன்று ஒரு கல்லூரி மனம் வைத்தால், தறிகாரரைத் தறிகாரர் என்னும் தகுதியிலேயே வகுப்பில் அமர்த்தலாம். மனம் வைப்பவர் யார் என்பதே கேள்வி.

நம் நாட்டில் இக்கல்வி வந்த வழியை நோக்கினால் இப்பிளவு புலனாகும். ஒருபுறம் பொறியியல். சென்னை அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி 1944இல் தோன்றி நெசவுத் தொழில்நுட்பம் கற்பித்தது. கோவையில் தென்னிந்திய நெசவாராய்ச்சிக் கழகம் 1956இல் எழுந்தது. மறுபுறம் மனையியல். கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இல் தொடங்கப்பெற்றது. சேலத்தில் 1960இல் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும், அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், தில்லியில் 1986இல் நிஃப்ட் எனப்படும் ஆடையலங்காரத் தொழில்நுட்ப நிறுவனமும் பின்தொடர்ந்தன. சென்னைக்கு அது 1995இல் வந்தது. ஆண்பிள்ளைகள் ஆலைக்குப் படித்தனர். பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் படித்தனர். தறிகாரர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டுக்கும் வெளியே நின்றனர். மனையியல் என்னும் பெயரே பல முஸ்லிம் பெரியவர்களின் மனத்தைக் கனிவித்துப் பெண்மக்களைக் கல்லூரி வாசலுக்கு அனுப்பியது என்பதை நான் மறுக்கவில்லை. அப்பெயருக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

துணியைப் படிப்பதற்கான வசதி என்றால் என்ன என்பதனை நம்மினும் நன்கறிந்து செயற்பட்டவர் ஒருவர் உண்டு. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பார் பம்பாய்ப் படையில் மருத்துவராயிருந்து, பின் இலண்டனில் இந்தியப் பொருள்களைப் பற்றி அறிக்கையிடும் பணியில் அமர்ந்தவர். அவர் 1866இல் இந்தியத் துணிகள் 700இன் துண்டுகளை வெட்டி, 18 தொகுதிகளில் ஒட்டி, நீளம், அகலம், எடை, விலை, நெய்த ஊர் ஆகியவற்றைக் குறித்து வைத்தார். 20 படிகள் செய்யப்பெற்றன; 13 பிரித்தானியாவுக்கும் 7 இந்தியாவுக்கும் என ஒதுக்கப்பெற்றன. அவற்றைத் தொழிற்காட்சி சாலைகள் என்றே அவர் கருதினார். இந்தியர் எதனை விரும்பி உடுக்கின்றனர் என்பதனை ஆங்கில ஆலையதிபர்கள் விரலால் தொட்டறிந்து, அவ்வாறே நெய்து இங்கு விற்பதற்காகச் செய்யப்பெற்ற ஏற்பாடு அது. அதன் நோக்கம் நமக்குக் கேடு பயந்தது. ஆயினும் அம்முறையின் திட்பத்தை மறுப்பதற்கில்லை. மேலப்பாளையத்திலிருந்து கப்பலேறி இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்ற சாரங்களின் கட்டங்கள் எத்தனை வகை, எந்த ஊருக்கு எந்த நிறம் என்பதற்கு நம் கல்லூரிகளுள் ஒன்றிலேனும் ஒரு தொகுதி உண்டா? அவற்றைச் சொல்லத்தக்க வணிகர் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் மாதிரித் துண்டுகள் இருக்கின்றன. ஓர் அலமாரியும், பூச்சி அரிக்காத தாளும், பொறுமையுள்ள இரண்டு மாணவியரும் போதும். இஃது இழுவைக் கருவியின் விலையில் நூற்றிலொரு பங்குகூட ஆகாது.

உள்ளரங்க வடிவமைப்பு என்னும் துறைக்கும் இதே குறை பொருந்தும். அங்குக் கட்டைப் படிமங்கள் செய்யும் மேசைகள், ஒளியளக்கும் மானி, தரைக்கும் சுவருக்குமான மாதிரிப் பொருள்களின் அறை ஆகியன வேண்டும். ஓரளவு உள்ளன. ஆயின் பாடநூலில் வரும் கூடம் எப்போதும் நெருப்பிடம் உள்ள கூடமாகவே இருக்கின்றது. காயல்பட்டினத்து வீடுகளுக்கிடையே பெண்கள் நடப்பதற்கெனவே அமைந்த முடுக்குகளைப் பற்றி அந்நூல்கள் அறியா. தனிமையும் காற்றோட்டமும் அண்டைவீட்டு உறவும் ஒருசேர அமைய வேண்டும் என்னும் கடினமான கணக்கிற்கு, அவ்வூரார் வீடு கட்டிக் கண்ட விடை அது. அவ்வூர் மாணவி ஒருத்தி தன் பாட்டியார் வீட்டை நாடாவால் அளந்து, முடுக்கையும் சேர்த்து வரைபடமாக்கிக் கொண்டுவந்தாள். அளவு பிசகாத அழகிய படம். பாட்டியாரின் தலைவாசலை விட முடுக்கு வாசல்தான் நிலைப்படி தேய்ந்திருந்தது என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தாள்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி செல்லும் வழியிலுள்ள அவ்வூரில், அதனை நெய்பவர் நம் சமுதாயத்தினர், பெரும்பாலும் பெண்கள். கோரையைப் பசுமையாக அறுத்து உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்துப் பருத்திப் பாவில் நெய்வர். பட்டுப் பாய் என்பதில் பட்டு இல்லை. கீற்றின் மென்மையே அப்பெயரைத் தந்தது. புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்துள்ளது. ஓடும் நீர் ஏன் வேண்டும், தேங்கிய நீரில் ஊறினால் கோரை என்னாகும், பழைய மரச் சாயத்துக்கும் புதிய சாயத்துக்கும் வெயில் தாங்கும் திறனில் வேறுபாடு எவ்வளவு என்பனவெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய சோதனைகள். நீலக் கம்பளித் துண்டுகள் அங்கேதான் சும்மா இருக்கின்றன.

சொற்களைப் பற்றித் தமிழாசிரியன் ஒன்று சொல்லாமல் நகர முடியாது. உள்ளரங்கப் பாடத்தில் முதலில் வரும் சோஃபா என்னும் சொல், ஸுஃப்பா என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. திண்ணை என்பது பொருள். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் வறிய தோழர்கள் தங்கிக் கற்ற இடத்துக்கும் அதுவே பெயர். மெல்லிய மஸ்லின் மோசுல் நகரால் பெயர் பெற்றது. மிக எளிய நெசவுக்கு ஆங்கிலேயர் வழங்கும் டாபி என்னும் பெயர் பக்தாதின் அத்தாபிய்யா என்னும் பகுதியை நினைவூட்டுவது. அரசவை ஆடைகளில் எழுத்து நெய்த திராஸ் என்னும் கூடங்களைப் பற்றி இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஓர் இயலே எழுதியிருக்கின்றார். கோழிக்கோடு காலிகோவாயிற்று. இவற்றைக் கேட்டபோது மாணவியர் முகத்தில் தோன்றிய வியப்பு எனக்கு நினைவிருக்கின்றது. அதற்காகவே மாதம் ஒரு மணி எங்களுக்குத் தரலாம் என்று மேல்மாடியினர் இசைந்துள்ளனர்.

சமுதாயப் பெரியவர் ஒருவர் என்னிடம், “தையல் படிக்கப் பட்டம் எதற்குத் தம்பி?” என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயமும் உண்டு. வீட்டு மிதிபொறியில் மட்டும் பழகிய பட்டதாரி, நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடும் ஆலைப்பொறியின் முன் அமர்ந்தால் விரலை இழுத்துக்கொள்வாள். அவளுக்கு அப்பொறி கூடத்திலேயே கிடைத்திருக்க வேண்டும். ஆனால் திருப்பூரிலும் பிற ஊர்களிலும் ஏற்றுமதித் துணியைச் சோதித்துச் சான்றளிக்கும் கூடங்களில், சாம்பல்நிற அட்டையைக் கையில் பிடித்து இது தேறும், இது தேறாது என்று முடிவு சொல்லும் வேலைக்குத் தையல் தெரிந்தால் மட்டும் போதாது. அவ்வேலையில் நம் பெண்மக்கள் அமரலாம். பீடி சுற்றும் முறத்தை விட்டு எழ அவர்களுக்கு வேறு வழிகள் பல இல்லை. மேலைநாட்டு உடலளவுக்குச் செய்த ஆடைப்பொம்மைகளின் மீதே நம் மாணவியர் பயில்கின்றனர். நம் நாட்டவர் உடலளவுகளைத் தொகுக்க, 15 முதல் 65 வயது வரை 25,000 பேருக்கு மேல் முப்பரிமாணக் கருவியால் அளக்கும் பணியை நிஃப்ட் மேற்கொண்டது. அவ்வளவுகளை வைத்து வெட்டும் கைகள் நாளை வேண்டும். பெரியவரிடம் இவற்றைச் சொன்னேன். அவர் தம் பேத்தியின் மதிப்பெண் பட்டியலை மறுநாள் அனுப்பினார்.

சொற்பட்டியல் இன்னும் முடியவில்லை. மேலப்பாளையத்தில் ஒரு பெயர் வழங்கும் தறியுறுப்புக்குக் காஞ்சிபுரத்தில் வேறு பெயர். இரண்டையும் எழுதிவைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இதுவரை 140 சொற்கள் சேர்ந்துள்ளன. சேர்ப்பவள், பாவு என்றதும் எழுந்து நின்ற அம்மாணவியே. முதுகலையில் இப்போது இரண்டாமாண்டு படிக்கின்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதனைச் சொன்னவர் பெயரையும் எழுதுகின்றாள். அவ்வரிசையில் முதற்பெயர் அவள் தந்தையாருடையது.